இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை, ரத்தத்தில் ‘ஏ.பி.எல்.ஏ.’ பாசிட்டிவ்: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 29. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. முதல் கர்ப்பம் 8 வாரத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை 20 வார ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி கொஞ்சம் குறைவு என்றார்கள். 22 வாரத்தில் பிரஷர் 150/100 ஏறியது. 24 வாரத்தில் துடிப்பு நின்றுவிட்டது. குழந்தை 410 கிராம்தான் இருந்தது, உறுப்புகளில் குறை எதுவும் இல்லை என்றார்கள். 7 வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ், கார்டியோலிப்பின் ஐ.ஜி.ஜி. 62 என்று வந்திருக்கிறது. அடுத்த முறை தினமும் வயிற்றில் ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். ரத்தத்தை இளக வைக்கும் ஊசி குழந்தைக்கு ஆகுமா? எப்போது மறுபடி முயற்சி செய்யலாம்? வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் சொல்கிறார். இன்னொன்று, கர்ப்பத்தின்போது எடுத்த வி.டி.ஆர்.எல். ‘ரியாக்டிவ்’ என்று வந்ததிலிருந்து என் கணவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. (பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்)

பதில்: நீங்கள் கடைசியில் தயங்கி எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் உடனே தீர வேண்டியது அதுதான்.

வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியை நேரடியாகத் தேடும் பரிசோதனை அல்ல. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருள் கலந்த கரைசலில் உங்கள் ரத்தத்தின் சீரத்தை விட்டு, திரிதிரியாகத் திரள்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் ரத்தத்தில் கார்டியோலிப்பினுக்கு எதிரான ஆன்டிபாடியே 62 அளவு இருக்கிறது. அது அந்தக் கரைசலைத் திரள வைப்பதில் வியப்பில்லை. பால்வினை நோய் எதுவும் இல்லாத பெண்ணுக்கு இப்படி வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் ஆவது, உங்களுக்கு இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் ‘ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்’ என்ற கோளாறின் பழைய அடையாளங்களில் ஒன்று. உறுதி செய்ய டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனை உண்டு. அது நெகட்டிவ் என்றால் சிபிலிஸ் இல்லை, சந்தேகத்துக்கு இடமே இல்லை. உங்கள் ஃபைலில் அந்த ரிப்போர்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே இருவரும் சேர்ந்து போய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பாசிட்டிவாக வந்தாலும் பென்சிலின் ஊசியில் குணமாகும், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிடலாம். இந்தப் பத்தியை உங்கள் கணவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போனதால் குழந்தை போகவில்லை. பஸ் பயணம், தையல் மெஷின், பப்பாளி எதுவும் காரணமில்லை. 24 வாரத்தில் சுமார் 600 கிராம் இருக்க வேண்டிய குழந்தை 410 கிராம் இருந்தது, அதற்கு முன்பே உங்கள் பிரஷர் ஏறியது, குழந்தையின் உறுப்புகளில் குறை இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பழுது நஞ்சுக்கொடியில் இருந்திருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்த வேண்டும். இந்த வேலை ஏறக்குறைய 20 வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள், நம் ஊர் லேப்களில் சொல்வதுபோல் ஏ.பி.எல்.ஏ. (உங்கள் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்த இரண்டும் இந்த வகைதான்), அந்தச் செல்களின் மேல் ஒட்டி அவற்றை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன; அழற்சியை உண்டாக்குகின்றன; ரத்தம் உறையும் போக்கையும் கூட்டுகின்றன. குழாய்கள் குறுகலாகவே நின்றுவிட்டால் குழந்தைக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும், தாய்க்கு பிரஷர் ஏறும். நட்ட நாற்று வேர் பிடிக்கும் நாட்களில் தண்ணீர் தப்பினால் பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடாகாது. சிகிச்சையைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான்.

8 வாரத்தில் கலைந்த முதல் கர்ப்பத்தை இந்தக் கணக்கில் உறுதியாகச் சேர்க்க முடியாது. அந்தக் கட்டத்தில் ஒருமுறை கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் குறையே காரணம். 10 வாரத்துக்கு உட்பட்ட இழப்பு என்றால் தொடர்ந்து மூன்று இருந்தால்தான் 2006-இல் வகுத்த சிட்னி வரையறையில் இந்தக் கோளாறோடு சேர்ப்பார்கள். ஆனால் 10 வாரத்துக்குப் பிறகு, உறுப்புக் குறையில்லாத ஒரே ஒரு குழந்தையை இழந்திருந்தாலும் போதும். உங்களுடைய 24 வார இழப்பு அதில் வருகிறது.

ரத்தத்தில் மட்டும் ஒரு நிபந்தனை பாக்கி இருக்கிறது. முதல் பரிசோதனைக்குப் பிறகு குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் நோய் உறுதி. டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பின்னும், வேறு பல தொற்றுகளுக்குப் பின்னும் இந்த ஆன்டிபாடிகள் கொஞ்ச காலம் தலைகாட்டிவிட்டு மறைவதுண்டு. ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஒரு பெண்ணுக்கு ஒன்பது மாதம் ஊசி எழுதிக்கொடுப்பது சரியில்லை. உங்கள் இரண்டாவது பரிசோதனை குழந்தையை இழந்து ஏறக்குறைய நாலரை மாதம் ஆகும்போது வரும். அதுவரை கருத்தரிக்காமல் இருங்கள். ஆணுறை போதும். மாலா-டி, மாலா-என் போன்ற மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, ரத்தக்கட்டு ஆபத்தைக் கூட்டும், வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் உங்களுக்கு உகந்ததல்ல.

மறு பரிசோதனையில் மூன்றும் இருக்க வேண்டும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின் ஐ.ஜி.ஜி. மற்றும் ஐ.ஜி.எம்., பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஐ.ஜி.ஜி. மற்றும் ஐ.ஜி.எம். உங்கள் கடிதத்தில் மூன்றாவது இல்லை. அது முக்கியம், ஏனென்றால் மூன்றும் பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். கார்டியோலிப்பின் 40-க்கு மேல் என்றால்தான் பொருட்படுத்தத்தக்கது. 15, 18 என்று வரும் ரிப்போர்ட்டுகளுக்கு நம் ஊரில் தேவையில்லாமல் நிறைய வைத்தியம் நடக்கிறது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் எடுப்பதில் லேபில் தவறு நேர வாய்ப்பு மிக அதிகம். நீலமூடிக் குழாயில் குறி வரை ரத்தம் நிரம்ப வேண்டும், குறைந்தால் கணக்கு தப்பும். சீக்கிரமே சுழற்றித் தட்டணுக்களை முழுக்கப் பிரித்தாக வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு மாலையில் வேறு ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு இதற்கு ஆகாது. பரிசோதனை நடக்கும் லேபுக்கே நேரில் போங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியோ வார்ஃபரின் மாத்திரையோ எடுக்கும் நாட்களில் எடுத்தால் பதில் குழம்பும். ஆஸ்பிரின் தடையில்லை.

பெயரில் லூபஸ் இருப்பதால் உங்களுக்கு லூபஸ் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) வந்துவிட்டது என்று பொருளில்லை. ஆனால் அந்த வகை நோய்களைத் தேடும் ஏ.என்.ஏ., ஆன்டி-ரோ, ஆன்டி-லா பரிசோதனைகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆன்டி-ரோ இருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறதா என்று 16–18 வாரத்திலிருந்தே தனியாகக் கவனிக்க வேண்டும். கூடவே தைராய்டு, சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், தட்டணுக்கள். ‘எம்.டி.எச்.எஃப்.ஆர்.’ ஜீன் உட்பட இருபது பெயர் கொண்ட பேக்கேஜ் பரிசோதனையை யாராவது நீட்டினால் அந்தப் பணத்தை ஊசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜீன் ரிப்போர்ட் உங்கள் சிகிச்சையில் எதையும் மாற்றப் போவதில்லை.

இரண்டாவது ரிப்போர்ட்டும் பாசிட்டிவ் என்றால், முயற்சி தொடங்கும் மாதத்திலிருந்து போலிக் அமிலத்தோடு ஆஸ்பிரின் 75 மி.கி. ஒன்று, இரவு சாப்பிட்ட பின். மேல்பூச்சு உள்ள மாத்திரை, கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. சில டாக்டர்கள் 150 மி.கி. தருவார்கள், அதுவும் சரியே. நாள் தள்ளிப்போன ஒரு வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டு உடனே டாக்டரைப் பாருங்கள், ‘மூன்றாம் மாதம் போகலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், வழக்கமாக 6 வாரம் வாக்கில், ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸாபாரின் ஊசி 40 மி.கி. தினம் ஒன்று ஆரம்பமாகும். எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் 20 மி.கி.யும், 90 கிலோவுக்கு மேல் என்றால் 60 மி.கி.யும் தேவைப்படலாம். இது உங்களைப் போல் கர்ப்ப இழப்பு மட்டும் நடந்தவர்களுக்கான அளவு. முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு எடையைக் கணக்கிட்டு இருவேளை முழு அளவு தேவை. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் 6 வாரத்துக்கு முன்பே ஊசிக்கு மாறியாக வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் மூக்கு, எலும்பு வளர்ச்சி பாதிக்கும்.

குழந்தைக்கு ஆகுமா என்றீர்கள். எனாக்ஸாபாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போவதில்லை. ஆஸ்பிரின் தாண்டும், ஆனால் இந்தச் சிறிய அளவு பல ஆண்டுகளாக உலகெங்கும் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. பலன் எவ்வளவு? 1997-இல் லண்டனில் தொடர் கருச்சிதைவு கண்ட 90 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேரும், ஹெப்பாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேரும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இவ்வளவு இடைவெளி தெரியவில்லை. 2002-இல் வெளியான ஒன்றில் இரு பிரிவுமே 70 சதவீதத்தைத் தாண்டின. இந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஆரம்ப மாதங்களில் இழந்தவர்கள். உங்களைப் போல ஆறாம் மாதத்தில் இழந்தவர்களுக்கு ஊசியோடு நெருக்கமான கண்காணிப்பும் சேர்ந்தால்தான் பலன்.

ஊசியை நீங்களே போட்டுக்கொள்ளலாம், இரண்டு மூன்று முறை நர்ஸ் பக்கத்தில் இருந்தால் போதும். 40 மி.கி. சிரிஞ்சில் மருந்து 0.4 மி.லி.தான். கையைக் கழுவி, சாய்ந்து உட்காருங்கள். தொப்புளிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் ஸ்பிரிட் தடவி, காய விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். சிரிஞ்சுக்குள் தெரியும் சிறு காற்றுக்குமிழை வெளியே தள்ள வேண்டாம். தள்ளினால் மருந்தும் ஒரு சொட்டு போய்விடும், குமிழால் கெடுதலும் இல்லை. இரண்டு விரலால் தோலைச் சதையோடு மடித்துப் பிடித்து, ஊசியை நேர்செங்குத்தாக முழுக்க இறக்கி, மெதுவாக அழுத்துங்கள். ஊசியை வெளியே எடுத்த பிறகே மடிப்பை விடுங்கள். தேய்க்கவே கூடாது. தேய்ப்பதால்தான் பெரும்பாலானவர்களுக்கு நீலம் நீலமாகக் கன்றிப் போகிறது. இன்று வலது பக்கம், நாளை இடது பக்கம். வயிறு பெரிதாகித் தோல் இறுகும்போது இன்னும் பக்கவாட்டுக்குப் போகலாம், தொடையின் வெளிப்புறமும் ஆகும். சுற்றிலும் கன்றியிருப்பது குழந்தைக்கு அடிபட்ட அடையாளம் அல்ல. ஊசி தோலுக்குக் கீழே உள்ள கொழுப்போடு நின்றுவிடுகிறது.

தினமும் ஒரே நேரம். காலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மாறும் வேலை என்றால் எந்த ஷிஃப்டிலும் வீட்டில் இருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடுங்கள், மறுநாள் இரட்டையாகப் போடாதீர்கள். சிரிஞ்சை 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அட்டையில் இருக்கும். கரூர் வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அலமாரியிலும் வண்டிப் பெட்டியிலும் வைப்பது ஆகாது, ஃப்ரீசரிலும் கூடாது. ஒரே மூச்சில் மூன்று மாதத்துக்கு வாங்காமல் 15 நாளைக்கு ஒருமுறை வாங்கினால் இந்தக் கவலை குறையும். எனாக்ஸாபாரின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள், மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு விலை வெகுவாக வேறுபடும். பயன்படுத்திய சிரிஞ்சுகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் தட்டணுக்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஊசியால் அவை திடீரென்று குறைவது அரிது, ஆனால் குறைந்தால் உடனே நிறுத்தியாக வேண்டும். லேசாக ரத்தக் கறை பட்டால் பயந்து நீங்களே ஊசியை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரை அழையுங்கள், அன்றைய ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று அவர் முடிவு செய்வார். உடம்பு வலி, பல்வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வேண்டாம். நீண்ட நாள் ஹெப்பாரின் எலும்பைக் கொஞ்சம் தளர்த்தும் என்பதால் கால்சியம் 500 மி.கி. இருவேளை அவசியம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சென்ற முறை எச்சரிக்கை 20 வாரத்திலேயே வந்தது. அதனால் இந்த முறை 20 வார ஸ்கேனிலேயே கருப்பைத் தமனி டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்), அதிலிருந்து 3–4 வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேனும் தொப்புள்கொடி டாப்ளரும் தேவை. டாப்ளர் இல்லாமல் ‘குழந்தை நல்லா இருக்கு’ என்று மட்டும் எழுதிக்கொடுக்கும் ஸ்கேன் உங்களுக்குப் போதாது. வீட்டில் மேல்கைப் பட்டையுள்ள டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். 16 வாரத்திலிருந்து வாரம் இருமுறை, 20 வாரத்துக்குப் பின் தினமும், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். 140/90 என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள். 160/110, அல்லது கடும் தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி என்றால் 108-ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், 28 வாரத்துக்குப் பின் குழந்தையின் அசைவு குறைந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இந்தச் சிகிச்சை எங்கே அறுபடும் என்றால், வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது. ஏழாம் மாதத்தில் மருத்துவமனை மாறும், பழைய ஃபைல் வராது, புது ஊர் மெடிக்கலில் ஊசி கிடைக்காமல் நாலு நாள் நின்றுபோகும். உங்களுக்கு ஆபத்து கூடும் மாதங்களும் அவைதான். ஒன்று, இங்கேயே இருந்து அம்மாவை வரவழையுங்கள். அல்லது பிரசவ மருத்துவமனையை 20 வாரத்துக்குள் முடிவு செய்து இரண்டு முறையாவது அங்கே காட்டிவிடுங்கள். எதுவானாலும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையாக இருக்கட்டும். இரண்டு ஏ.பி.எல்.ஏ. ரிப்போர்ட், டி.பி.எச்.ஏ., எல்லா ஸ்கேனும் ஒரே ஃபைலில், கூடவே டாக்டரின் கடிதம். அந்தக் கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருப்பதால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனை நீண்டு காட்டும் என்பது. லேப் குழாய்க்குள் ரத்தம் தாமதமாக உறையும், உடம்புக்குள் நடப்பதோ நேர்மாறு. இது தெரியாவிட்டால், உங்களுக்கு ரத்தம் உறையாத நோய் என்று நினைத்துக் கடைசி நேரத்தில் ஊசியை நிறுத்தவும் பிளாஸ்மா ஏற்றவும் பார்ப்பார்கள்.

சிசேரியன்தான் என்று விதி இல்லை. குழந்தை நன்றாக வளர்ந்தால் 37–39 வாரத்தில் தேதி குறித்து வலி வரவைப்பார்கள். முதுகில் மயக்க ஊசி போட, கடைசி 40 மி.கி. ஊசிக்குப் பின் 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் (முழு அளவு எடுப்பவர்களுக்கு 24 மணி). அதனால் தானாக வலி தொடங்கினாலோ நீர் உடைந்தாலோ அன்றைய ஊசியைப் போடாமல் கிளம்புங்கள், போனதும் கடைசி ஊசியின் நேரத்தைச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ஊசி மறுபடி தொடங்கும், ரத்தப்போக்கு அடங்கியிருந்தால் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள். பொதுவாக 6 வாரம் வரை போட வேண்டும். குழந்தை கைக்கு வந்ததும் ‘இனி எதற்கு ஊசி’ என்று நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் தாய்க்கு ரத்தக்கட்டு வரும் ஆபத்து மிக அதிகமான காலம் இந்த 6 வாரம்தான். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று தண்ணீரைக் குறைப்பதும், அறையை விட்டு நகராமல் படுக்க வைப்பதும் உங்கள் விஷயத்தில் நேரடியாக ஆபத்து. நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர், முதல் நாளிலிருந்தே நடை. இதை உங்கள் மாமியாருக்கும் அம்மாவுக்கும் டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அதன் பிறகு கருத்தடைக்கு காப்பர்-டி ஏற்றது. ஆண்டுக்கு ஒருமுறை வாத நோய் மருத்துவரையோ ரத்தநோய் மருத்துவரையோ பார்த்து, ஆஸ்பிரினைத் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். கோயில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடும் நோரெத்திஸ்டெரோன் மாத்திரையில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதை நீங்கள் ஒரு நாளுக்குக்கூட எடுக்க வேண்டாம்.